ரேவாஸ் லாஞ்சில் பாதிப் புத்தகம்

மழைக்காலம் முடிந்து பம்பாயிலிருந்து ரேவாஸுக்கு லாஞ்ச் என்கிற மோட்டார் படகுகள் மறுபடி ஓடத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் கணவரும் செம்பூரில் காலை ரயிலைப் பிடித்தோம். அது 1964. டாக்யார்டு ரோடில் இறங்கி, மீன் கூடைகளுக்கு வழிவிட்டுக்கொண்டே கால் மணி நடந்தால் பாவுச்சா தக்கா படகுத்துறை. அங்கிருந்து ரேவாஸுக்குக் கடலில் ஒன்றரை மணி நேரம். பிறகு அலிபாகுக்கு பஸ். கடற்கரையில் உட்கார்ந்து படித்துவிட்டு மாலையே திரும்புவதாகத் திட்டம்.

கையில் இருந்தது ஒரே புத்தகம். பாய்மரக் கப்பல் காலத்துக் கடற்போர்க் கதை. இங்கிலீஷில் வருஷக்கணக்காக வந்துகொண்டிருக்கும் தொடரில் ஒன்பதாம் பாகம். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் ஒன்றரை ரூபாய்க்குக் கிடைத்தது. இருவரும் அந்தத் தொடருக்கு அடிமை. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் கதையைச் சொல்லக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். இவருக்கு அது சிரமமே இல்லை. கேட்டால்கூடப் பாதி நாள் தலையாட்டலோடு நிறுத்திக்கொள்பவர்.

நான் பாதியை நெருங்கியிருந்தேன். இவர் கடைசி அத்தியாயங்களில் இருந்தார். லாஞ்சில் இடம் பிடித்ததும், புத்தகத்தின் முதுகைப் பிடித்து நிதானமாக இரண்டாகப் பிரித்து, முன்பாதியை என்னிடம் நீட்டினார்.

“ஐயோ, என்ன பண்றீங்க!”

“ரெண்டு பேரும் படிக்கலாம்.”

தமிழைக் கேட்டதும் எதிர்ப் பலகையில் இருந்தவர் சிரித்தார். திருநெல்வேலிக்காரர், பெயர் செல்லையா. தாராவியில் சின்னதாகத் தோல் பட்டறை வைத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கிரேஸ், ஏழு மாதக் கர்ப்பிணி. அலிபாகில் அவளுடைய அக்கா வீட்டில் பிரசவத்துக்கு விடப் போகிறாராம். அவள் கடலில் படகு ஏறியது அன்றுதான் முதல் தடவை.

கரை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் லாஞ்ச் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கடல் உள்வாங்கியிருந்த நேரம், சேற்றில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் ஏறினால்தான் நகரும் என்று படகை ஓட்டும் சாரங் இந்தியில் சொல்லிவிட்டு பீடி பற்றவைத்தார். குறைந்தது இரண்டு மணி நேரம்.

கிரேஸுக்கு வியர்த்துக் கொட்டியது. “கவுந்துருமா?” என்று புருஷன் கையை இறுக்கினாள்.

“கவுராதுட்டி. சேத்துலல்லா நிக்கி” என்றார் செல்லையா. அவர் குரலும் சரியாக இல்லை. என் பக்கம் திரும்பினார். “யக்கா, அந்தப் புஸ்தவத்துல என்ன கதை? கொஞ்சம் சொல்லுங்களேன். இவ கவனம் மாறட்டும்.”

சொன்னேன். ஒரு சின்னக் கப்பல். துரத்தும் இரண்டு பிரெஞ்சுக் கப்பல்கள். கடல் முழுக்க மூடுபனி. அதில் முதல் பயணம் வந்திருக்கும் இளம் அதிகாரி. ஊரில் அவன் மனைவிக்கு நிறைமாதம். அந்த இடம் வந்ததும் கிரேஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அவன் ஊர் போய்ச் சேந்தானா?”

“நான் இதுவரைக்கும்தான் படிச்சிருக்கேன்.”

எல்லோரும் இவரைப் பார்த்தோம். இவர் கடைசிப் பக்கத்தை முடித்து மூடியிருந்தார். ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். பாய்மரம் முறிந்து விழுந்ததையும், சிக்கிய கயிறுகளைக் கோடரியால் வெட்டியதையும் எழுந்து நின்று கையை வீசிக் காட்டினார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இவர் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. சாரங்கூட பீடியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரிக்குத் தோளில் குண்டு பாய்ந்தது. ஆனாலும் பிழைத்து ஊர் வந்து சேர்ந்தான், பிறந்த குழந்தையைக் கையில் வாங்கினான்.

“என்ன பிள்ள?” என்றாள் கிரேஸ்.

“பொண்ணு.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அடியில் தண்ணீர் ஏறி லாஞ்ச் மெல்ல அசைந்தது.

அலிபாகில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர்கள் விடைபெற்றுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்கள். நாங்கள் சவுக்கு மர நிழலில் உட்கார்ந்தோம். சட்டத்தை மீறி முடிவைச் சொல்லிவிட்டாரே என்ற சின்ன வருத்தத்தோடு மிச்சப் பாதியை வாங்கிப் படித்தேன். பாய்மரம் முறிந்தது, கயிறு வெட்டியது எல்லாம் இவர் சொன்னபடியே இருந்தன. ஆனால் குண்டு பட்டது தோளில் இல்லை. அந்த அதிகாரி மேல்தளத்திலேயே செத்துப் போகிறான். குழந்தையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

“பொண்ணுன்னு சொன்னீங்களே?”

“அந்தக் கிரேஸ் முகத்தைப் பாத்துக்கிட்டு வேற என்ன சொல்றது?”

திரும்பும் லாஞ்ச் ஏறியிருந்த நீரில் நிற்காமல் ஓடியது. நான் இவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, “சரி, அந்தப் பொண்ணுக்கு என்ன பேர் வெச்சாங்க?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்து ஒரு பெயர் சொன்னார். பிறகு அவள் பள்ளிக்கூடம் போனதைச் சொன்னார். அப்பாவோடு முதல் தடவை கப்பல் ஏறியதைச் சொன்னார். பம்பாய் விளக்குகள் தெரிந்தபோதும் இவர் பேசி முடித்திருக்கவில்லை.