மணல் மூட்டையோடு வந்த மேஸ்திரி

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து ஆம்பூரில் நான் கட்டிய வீட்டுக்கு ஓடு போட இரண்டு மேஸ்திரிகளை ஒப்பிட்டேன். உள்ளூர் தாவூத் பாயை விட்டுவிட்டு, ஆற்காட்டுப் பொன்னனுக்கே வேலை கொடுத்தேன்.

ஐப்பசிப் புயலில் கூரையோரத்து ஓடுகள் பறக்கத் தொடங்கின. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். தான் ஓடு போட்ட வீடுகளைப் பார்க்க மாட்டு வண்டியில் மணல் மூட்டைகளோடு போய்க்கொண்டிருந்த தாவூத் பாய், என் வாசலில் நிறுத்தினார். கொட்டும் மழையில் ஏணி போட்டு ஏறி, ஓரமெங்கும் மூட்டைகளை அடுக்கினார். ஓடுகள் அடங்கின.

"உங்களுக்கு நான் வேலை குடுக்கலியே, பாய்!"

"அத்த வுடுங்க. பொன்னன் வேல சுத்தமாத்தான் இருக்குது. காத்துதான் ஜாஸ்தி. அவர பேஜார் பண்ணாதீங்க."

யார் நல்ல மேஸ்திரி என்று இன்றும் என்னைக் கேட்பார்கள். பொன்னன் என்பேன், தாவூத் பாயே சொன்னார் என்று நடந்ததையும் சொல்வேன். கேட்டவர்கள் நேரே தாவூத் பாய் வீட்டுக்குத்தான் போகிறார்கள்.