அஞ்சு பாகம் அலை

தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் நான் தற்காலிக டியூட்டராக இருந்தது எழுபதுகளின் நடுவில். திங்கட்கிழமை முதல்வர் என் பி.யூ.சி. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரப்போவதாகத் தகவல் வந்தது. பாடம் அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் சொந்த ஊருக்கு, சாத்தான்குளம் பஸ்.

அந்த வாரம் அலைநீளம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் நெளிநெளியாகக் கோடு போட்டு, அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையே உள்ள தூரம்தான் அலைநீளம் என்றேன். ஒரு மாணவன் எழுந்தான்.

"சார், கொழும்பு ரேடியோவுல இருபத்தஞ்சு மீட்டர்னு சொல்லுதாங்கள்லா? நம்ம கடல் அலை எத்தன மீட்டர் சார்?"

ஜன்னலுக்கு வெளியே கடல் கிடந்தது. அதன் அலையை அளந்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. செம்மண் தேரிக்காட்டில் வளர்ந்தவன். கடலை மரியாதையாக, தூரத்திலிருந்தே பார்ப்பேன். "திங்கட்கிழமை சொல்றேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு வள்ளக்கார அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

"அலைக்கு நீளமா?" அவர் கரையோரமாகக் கையை நீட்டினார். "இங்கன தொடங்கி புன்னக்காயல் வரைக்கும் கெடக்கு. அளந்துட்டு வாங்க, சாப்பாடு கட்டித் தரச் சொல்லுதேன்."

முகட்டுக்கு முகடு என்று மணலில் கோடு போட்டு விளக்கினேன். "அதச் சொல்லுதியளா" என்று வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். யோசனையும் அவருடையதுதான். மிதவை கட்டிய கயிற்றைப் பின்னால் விட்டுக்கொண்டே போக வேண்டும். வள்ளம் ஒரு முகட்டில் ஏறும்போது மிதவை அடுத்த முகட்டில் ஏறினால், நடுவில் கிடக்கும் கயிறுதான் அலைநீளம்.

அருமையான சோதனை. சோதனை நடந்த நேரத்தில் விஞ்ஞானி வள்ளத்தின் விளிம்பில் கவிழ்ந்து, காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், இங்கன பாருங்க!" என்று அண்ணாச்சி கயிற்றை இழுத்து, இரண்டு கையையும் விரித்து விரித்து அளந்தார். "அஞ்சு பாகம். எழுதிக்கிடுங்க."

விரித்த கைகளின் நீளம்தான் ஒரு பாகம். கடலில் ஆழம், கயிறு, வலை எல்லாவற்றுக்கும் அதுதான் கணக்கு. வீட்டுக்கு வந்து, சுவரோடு ஒட்டி நின்று கையை விரித்து, டேப்பால் அளந்தேன். ஐந்தடி இரண்டு அங்குலம். ஐந்தால் பெருக்கி மீட்டராக்கினேன்.

திங்கட்கிழமை 7.87 மீட்டர் என்று பெரிதாக எழுதினேன். அந்த இரண்டு தசமத்தில் எனக்கு அவ்வளவு பெருமை! அளந்த விதத்தையும் விவரித்தேன், இட்லியை மட்டும் விட்டுவிட்டு.

அதே மாணவன் எழுந்தான். "சார், பாகம் போட்டது யாரு?"

"வள்ளக்கார அண்ணாச்சி."

"அடியாக்குனது யாரு கைய வச்சு?"

என் இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின. வகுப்பு குலுங்கிச் சிரித்தது. முதல்வர் சிரிக்கவில்லை. எழுந்து நேராக முன்னால் வந்தார். சாத்தான்குளம் பஸ் எத்தனை மணிக்கு என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். அவரோ கரும்பலகையோடு ஒட்டி நின்று கையை விரித்தார்.

"ரெண்டு பக்கமும் சாக்பீஸால குறி போடும்."

போட்டேன். அளந்தோம். ஐந்தடி ஒன்பது.

"அப்ப எனக்கு அலை உம்மைவிடப் பெருசு" என்றவர், வந்த வழியே போய்விட்டார்.

மத்தியானம் பியூன் ஒரு சீட்டைக் கொண்டுவந்தார். 'வேலை உறுதி. உரிய கையை அளந்து, நாளை வகுப்பில் சரியான விடையைச் சொல்லவும்.'

சாயங்காலம் டேப்போடு போனேன். அண்ணாச்சி வலையைக் கீழே போட்டுவிட்டுக் கையை விரித்தார். ஆறடி ஒரு அங்குலம்.

"சட்டையா தைக்கப் போறிய?" என்றார்.

மறுநாள் பலகையில் 'ஏறக்குறைய ஒன்பது மீட்டர்' என்று மட்டும் எழுதினேன்.