அமைதி தேடி வந்தவர்களும் ஒரு வெள்ளை நூலும்

வெள்ளைக்காரர் இத்தனை கடல் தாண்டி புத்த விகாரைக்கு ஏன் வருகிறார்கள்? போன கிழமைவரை எனக்குத் தெரியாது.

நான் விகாரைக்குப் போனது வேறு காரியமாக. இங்கே இருக்கப் பயமென்று எழுதிக் கேட்ட விசாவுக்கு மகனுக்கு எம்பசியில் இன்டர்வியூ. வெள்ளவத்தையிலிருந்து அங்கே போவதற்குள் மூன்று ஆமி செக்பொயின்ட். தமிழ்ப் பெடியனை மறித்து வைத்தால் இன்டர்வியூ போய்விடும்... சிலவேளை பெடியனும்.

பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் குசுமாதான் வழி சொன்னார். பிக்குமார் பிரித் ஓதிக் கொடுக்கிற வெள்ளை நூல் இருக்கிறதே, அது. "மகன்ட கையில கட்டுங்க அக்கே. ஆமிக்காரன் பாத்தா ஒண்டும் கேக்க மாட்டான்."

நூல் வாங்க நானும் அவரும் போனோம். அரசமரத்தடியில் ஒரு வெள்ளைக்காரி கண்மூடி இருந்தாள். அவள் கையிலும் அந்த நூல். எனக்கோ புது ஆட்களோடு கதைக்கக் கூச்சம். அவள் ஏன் வந்தாளென்று கேட்கும்படி குசுமாவின் காதில் சொன்னேன். அவர் கேட்டு வந்தார்.

"இங்க வந்தா அமைதியாம் அக்கே. அவங்க நாட்டுல அது இல்லயாம்."

வாசலில் துவக்கோடு காவல் நின்ற ஆமிக்காரனைத் திரும்பிப் பார்த்தேன். அவனும் அமைதியாகத்தான் நின்றான்.

அவர்கள் இங்கே வந்து தேடுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் அங்கே போய்த் தேடுகிறார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களோ என்னவோ.

மகன் முரண்டு பிடித்தான். "நெத்தியில திருநீறு, கையில பிரித் நூல். பாக்கிறவன் என்னம்மா நினைப்பான்?"

"திருநீறை உனக்குப் பதிலா நான் பூசுறன். நீ நூலைக் கட்டு."

மூன்று செக்பொயின்டிலும் நூலைப் பார்த்து, "யன்ன மல்லி" — போ தம்பி — என்று விட்டார்களாம். எனக்குப் பெருமை.

ஆனால் அவன் முகம் சரியில்லை. எம்பசியில் கேள்வி கேட்ட வெள்ளைக்காரத் துரை, நூலைக் கண்டதும் தன் கோட்டுக் கையை மேலே இழுத்துக் காட்டினாராம். அவர் கையிலும் அதே நூல்.

"பௌர்ணமிப் போயா தவறாமல் விகாரைக்குப் போவாராம். 'எவ்வளவு அமைதியான இடம், நீயும் அங்கே போறனீ, பிறகு உனக்கு இங்க என்ன பயம்?' எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனீ?"

"என்னத்தைச் சொல்ல? செக்பொயின்டுக்குக் கட்டினதெண்டோ?"

அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. விசா இல்லை. மறுபடி விண்ணப்பிக்கலாமாம்.

செக்பொயின்டில் கட்டி, எம்பசி வாசலில் கழற்றக்கூடிய நூல் ஏதும் கிடைக்குமா என்று குசுமாவிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.