அம்மா ஓங்கிய கை

பல்கலைக்கழக நூலகத்தில் பழைய புகைப்படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் என் அம்மா நின்றிருந்தாள். ஈரச் செம்மண் வாசனை மூக்கில் ஏறியது.

எனக்கு அப்போது ஏழு வயது. அடி அண்ணாமலைக் கிராமத்தில் எங்கள் வேர்க்கடலைக் கொல்லையில் அம்மா களை வெட்டிக்கொண்டிருந்தாள். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், உள்ளூர் ஆளோடு வந்து கேமராவைத் தூக்கினார்.

“எடுக்காதய்யா, போ!” என்று அம்மா கத்தினாள்.

“சும்மா நில்லும்மா, உன் மூஞ்சி சீமையில தெரியட்டும்” என்று உள்ளூர்க்காரன் சிரித்தான்.

அம்மா மண்ணாங்கட்டியை எடுத்துக் கை ஓங்கினாள். அந்த நொடியில் வெள்ளைக்காரர் படம் எடுத்துவிட்டார்.

சாயங்காலம் அப்பா, “கண்டவன் எதிர்ல இன்னாத்துக்குடி நின்ன?” என்று அவளை அறைந்தார். அம்மா அழவில்லை. என்னைத்தான் முறைத்தாள். படம் எடுத்ததை அப்பாவிடம் போய்ப் பெருமையாகச் சொன்னவள் நான்.

படத்தின் கீழே ‘வரவேற்கும் கிராமத்துப் பெண்’ என்று எழுதியிருந்தது. நூலக அதிகாரியிடம் போனேன்.

“இது எங்கம்மா. அடிக்கக் கை ஓங்கறாங்க. மாத்தி எழுதுங்க.”

“மனு குடுங்க, கமிட்டி பார்த்துச் சொல்லும்” என்றார்.

“வேணாம்னு கத்தக் கத்த எடுத்தாங்களே, அப்ப எந்தக் கமிட்டியக் கேட்டாங்க?”

அவர் படத்தை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி உறைக்குள் போட்டார்.