மலைக்கோட்டைக்கு ஆள் அனுப்பியவள்

டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் ஒரே ஒரு கஷ்டம்தான்: போகிறவர் வேறு, போட்டுக் கொடுக்கிறவர் வேறு.

நான் பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், ஜவுளிக்கடை மாடியில் இருக்கும் ஒரு சின்னப் பயண நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஐரோப்பியச் சுற்றுலாவில் ஒருநாள் கார்க்கசோன். பிரான்சின் தெற்கே, ஆற்றங்கரைக் குன்றின் மேல், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மதில் எழுப்பிய பழைய கோட்டை ஊர். அதன் சரித்திரத்தைத் தேடித் தேடிப் படிப்பது நான். குழுவைக் கூட்டிக்கொண்டு போவது சாந்தி. எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவள், நன்றாகப் பேசுவாள், முதலாளிக்குச் செல்லம். கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் புரட்டும் சக பாவிகளே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

பன்றிக் கதை

அந்த ஊரைப் பற்றி ஒரு கதை உண்டு. எதிரி முற்றுகையிட்டு, கோட்டைக்குள் பஞ்சம். கோட்டைத் தலைவி கடைசியாக மிஞ்சிய கோதுமையை ஒரு பன்றிக்குத் தின்னக் கொடுத்து, அதை மதிலுக்கு வெளியே தூக்கிப் போடச் சொன்னாளாம். விழுந்த பன்றியின் வயிறு வெடித்துக் கோதுமை கொட்டியது. பன்றிக்கே கோதுமை போடுகிறவர்களிடம் இன்னும் எவ்வளவு இருக்குமோ என்று எதிரி மூட்டை கட்டிவிட்டான். ஒரு மத்தியானம் நாசி கண்டார் சோறு சாப்பிட்டுக்கொண்டே சாந்திக்கு இதைச் சொன்னேன். "நெசமாவாக்கா?" என்று கேட்டாள், அவ்வளவுதான்.

அடுத்த குழு திரும்பி வந்ததும் ஒரு நகைக்கடைக்கார அக்கா எனக்கு அந்தக் கோட்டைப் படம் போட்ட காந்தம் ஒன்று கொடுத்தார். ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளவாம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பன்னிக் கதைய சாந்தி வாயால கேக்கணும்மா. அந்தப் புள்ளைக்கு எவ்ளோ விஷயம் தெரியுது!"

கூரை

சாந்தி அங்கிருந்து வாட்ஸாப்பில் படம் அனுப்புவாள். மதில்மேல் அவள், பின்னால் கூம்புக் கூரை போட்ட கோபுரங்கள். பெரிதாக்கிப் பார்ப்பேன். அவளை அல்ல, கோபுரத்தைத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் பொறுக்கவில்லை. அவள் ஊர் திரும்பியதும், "அந்தக் கூரையெல்லாம் அசல் இல்ல, தெரியுமா?" என்றேன். நாட்டு எல்லை தள்ளிப்போனதும் கோட்டைக்கு வேலையில்லாமல் போனது, கல்லை எல்லாம் ஆளாளுக்குப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், அரசாங்கமே இடிக்கப் பார்த்தபோது ஊர்க்காரர்கள் தடுத்தார்கள், பிறகுதான் பழுது பார்த்து இந்தக் கூரையைப் போட்டார்கள், அந்த வட்டாரத்து வழக்கமே அது இல்லை என்று அன்றைக்கே திட்டினவர்கள் உண்டு என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சாந்தி பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஜன்னல் வழியே எதிர்வரிசைக் கடைவீடுகளைக் காட்டினாள். "நம்ம ரோட்டுலயும் புதுசா பெயிண்ட் அடிச்சாங்கதானே? அதப் பாக்க அங்கேருந்து ஆளு வருதுலா. விடுங்கக்கா, பொறாமப்படாதீங்க."

இரண்டு மதிலுக்கு நடுவே

அந்தோணி அண்ணன் ஓய்வுபெற்ற கிராணி. ஆபீஸ் வேலை பார்த்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் பயணம் முடிந்து வந்து, படங்களைக் காட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். சாப்பாடு சரியில்லையா, குளிரா என்று கேட்டேன். இல்லையாம். இரண்டு மதிலுக்கும் நடுவே இருக்கும் புல்வெளியில் ஒரு காலத்தில் நெசவாளிகளும் ஏழைகளும் குடிசை போட்டு இருந்தார்கள். கோட்டையைச் சீராக்கியபோது அவர்களைக் காலி செய்துவிட்டார்கள். சாந்தி அங்கே அதைச் சொன்னாளாம். (அதையும் அவளுக்குச் சொன்னது நான்தான்.)

அண்ணன் பிறந்து வளர்ந்தது இதே வட்டாரத்தில், வாடகைக் கடைவீட்டு மாடியில். வாடகை ஏறியதும் குடும்பம் வெளியேறியது. இப்போது அது ஹோட்டல். அவருக்கு ஒரு டீ வரவழைத்தேன். ஆனாலும் பாருங்கள், அந்தத் துக்கத்தைக்கூட மனுஷன் அங்கே போய் நின்றல்லவா பட்டிருக்கிறார் என்று உள்ளே ஒரு முள் குத்தியது. எழுந்து போகும்போது அவர் சொன்னார்: "கோட்டை ரொம்ப அழகும்மா. எங்க வீட்டயும் இப்படித்தான் அழகாக்கினாங்க."

என் முறை

இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறிய சாந்தி, இறங்கும்போது படியில் காலைச் சுளுக்கிக்கொண்டாள். அடுத்த வாரமே குழு கிளம்ப வேண்டும். "நீ போறியா?" என்றார் முதலாளி. அவள் கால் வீங்கியதில் எனக்கு வந்த சந்தோஷத்தை முருகனிடம்கூடச் சொல்லவில்லை.

கோட்டை வாசலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். பாதி குளிர், பாதி ஆசை. ரோமர் காலத்து அடிக்கல்லைத் தொட்டுக் காட்டி, எனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டினேன். குழுவில் பாதிப் பேர் கழிவறை தேடிப் போனார்கள். மீதிப் பேர் சாந்திக்கு வீடியோ கால் போட்டு, கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "நீ இல்லாம போர்லா சாந்தி!" என்று கத்தினார்கள். பினாங்கில் அப்போது சாயங்காலம். சாந்தி என் நாற்காலியில், காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது.

"அக்கா, செவுரக் கொஞ்சம் காட்டுங்க" என்றாள். காட்டினேன். வெளிமதில், உள்மதில், வெயில் பட்ட கோபுரங்கள், கீழே ஆறு என்று அவசரப்படாமல் திருப்பினேன். பிறகு குரல் வந்தது: "போதும்க்கா, வச்சிடுங்க. வயிறு எரியுது."

நம் தொழிலில் ஒருவர் ஊர் பார்ப்பார், ஒருவர் வயிறு எரிவார். நான் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஊர் பார்த்தேன்.