வெள்ளைத் துணியில் கட்டிய பிஸ்கட்

என் மகளுக்கு எட்டு வயதில் டி.பி. வந்தது. அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்ல எங்கள் வளவில் எல்லோருக்கும் பயம். நான் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லாவிட்டால் ஓடிப்போய்விடுமா என்ன? சானடோரியத்தில் சேர்த்து நான்கு மாதம் ஆகியும் உடம்பு தேறவில்லை. சாப்பிட்டால்தான் ஊசி மருந்து பிடிக்கும், இவள் ஒரு வாய்கூட இறக்கமாட்டேன் என்கிறாள் என்று டாக்டர் சலித்துக்கொண்டார். எலும்பும் தோலுமாகக் கிடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்க விடுவார்கள். ஒரு ஞாயிறு அவளாகவே கேட்டாள்.

"பக்கத்துக் கட்டில் அக்காளுக்கு பிஸ்கட் வந்துச்சுங்கம்மா. நடுவால சாக்லேட் துண்டு இருந்துச்சு. அது மாதிரின்னா நான் திம்பனுங்க."

நான்கு மாதத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படிப்பட்ட பிஸ்கட் எங்கள் ஊர்க் கடைகளில் இல்லை. நானே சுடுவதென்று இறங்கினேன். தின்பது ஒரு வாயானாலும் அதில் சத்து இருக்கட்டும் என்று ராகி மாவும் கோதுமை மாவும் கலந்து, எருமை வெண்ணெயும் நாட்டுச்சர்க்கரையும் போட்டு, வறுத்த கடலையைப் பொடித்துச் சேர்த்துப் பிசைந்தேன். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்கிய சாக்லேட்டைப் பாக்குவெட்டியால் துண்டு போட்டு வில்லைக்கு நாலாகப் பதித்தேன். அண்டாவில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து மூடி, மூடிமேல் தணல் அள்ளிப் போட்டேன். முதல் ஈடு கரிக்கட்டை. அடுத்த ஈட்டில் சாக்லேட் உருகி ஓடிவிட்டது.

"பனியன் கம்பெனிக்காரி பேக்கரி வெக்கப் போறாளாமா," என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

மூன்றாவது ஈடு பொன்னாக வந்தது. அவர் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, "திம்பா புள்ள. கட்டாயம் திம்பா," என்றார்.

எனக்குப் பனியன் கம்பெனியில் வேலை, அவருக்குச் சலவைப் பட்டறையில். பனியன் துணியை பிளீச்சிங் தொட்டியில் போட்டு வெளுப்பார்கள். எங்கள் ஊரில் வேலைக்குக் கொண்டுபோகும் சோற்றுப் போசியைக் கட்டுவதும் பனியன் துண்டுத்துணிதான், காயத்துக்குக் கட்டுவதும் அதுதான். மகளுக்கென்று அன்று தொட்டியிலிருந்து எடுத்துக் காயவைத்ததில் வெள்ளை வெளேரென்ற ஒரு துண்டைக் கொண்டுவந்திருந்தார். ஆறினால் விறைத்துப்போகுமே என்று சூட்டோடு சூடாக அதில் பொட்டலம் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்து ஓரத்தைக் கடித்தவள் கையிலேயே துப்பினாள்.

"மருந்து வாசம் அடிக்குதுங்கம்மா."

"இல்ல சாமி, வெண்ணெ வாசம்டா. இன்னொருக்காக் கடிச்சுப் பாரு கண்ணு."

அவள் தலையை ஆட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நர்சம்மா வந்து பொட்டலத்தை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது, பிளீச்சிங் பவுடர் நெடி குப்புனு அடிக்குது. உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. நானும் ஒன்றைத் தின்று பார்த்தேன். வெண்ணெயும் சாக்லேட்டும்தான் மணந்தன. பாய், சேலை, புருஷன் என்று பத்து வருஷமாக அந்த நெடியிலேயே கிடந்த மூக்கு. நான்கு மாதம் வெளியே இருந்தவளுக்கு அது தெரிந்துவிட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வாழையிலை கிடைக்காத ஊரா எங்கள் ஊர்?

"அடுத்த வாரம் எலையில கட்டிட்டு வர்றேன் கண்ணு. திம்பியா?"

"ம்," என்றாள், திரும்பாமலே.

வியாழக்கிழமையே சானடோரியத்திலிருந்து ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறுக்கு வாங்கிய சாக்லேட் அடுக்குப்பானையில் இருந்தது.

பட்டறையிலிருந்து கோடித்துணி கொண்டுவந்தார்கள். நல்ல வெள்ளை, புதுத்துணி. பிள்ளைமேல் போர்த்தப் போனவர்களின் கையைப் பிடித்து இழுத்தேன். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

"அதெ நல்லா அலசிட்டு வாங்க," என்று கத்தினேன். "அந்த வாசம் அவளுக்கு ஆகாதுங்க."