இளநீர் வாங்கப் போன சாவி

காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்குத் தண்ணீர் லாரி எடைமேடையில் ஏறியது. கணினித் திரையில் அந்த நேரம் விழுந்ததைப் பார்த்தேன். எல்லாம் கெட ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான் என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது. அப்போது அது வெறும் லாரி.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கும் ஆலை ஒன்றில் எனக்கு வேலை. உள்ளே வரும் லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பேன். தண்ணீர் லாரி டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்தான்.

"இன்னாக்கா, பொண்ணு பாக்க வராங்களா? வாசல்லாம் தண்ணி தெளிக்கச் சொல்லிக்கீறாரு மேனேஜரு."

"இன்ஸ்பெக்ஷன்" என்றேன்.

"அதான பாத்தேன். இல்லன்னா இவங்கொ குடிக்கவே தண்ணி குடுக்க மாட்டாங்கொ."

தொழிற்சாலை ஆய்வாளர் வரப்போவது முந்தின நாள் மாலையே தெரிந்திருந்தது. யார் சொல்லித் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை, எப்போதும் அப்படித்தான். இரவெல்லாம் தரையில் மஞ்சள் கோடு அடித்தார்கள். காலையில் ஆளுக்கொரு புது ஹெல்மெட் வந்தது. உலை மேடையைச் சுற்றிக் கிடந்த குப்பை, ஓட்டை டிரம், உடைந்த கொப்பரை எல்லாவற்றையும் ஷெட்டுக்குப் பின்புறம் கொண்டுபோய்க் குவித்தார்கள். அங்கே மேடையிலிருந்து இறங்கும் பின் படிக்கட்டின் கதவு இருக்கிறது. ஆய்வாளர் அந்தப் பக்கம் வந்து குப்பையைப் பார்த்துவிடக் கூடாது என்று அந்தக் கதவுக்கு வெளியிலிருந்து சங்கிலி போட்டுப் பூட்டினார்கள்.

மழைக்காலத்தில் எங்கள் ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. நனைந்த இரும்பை நேராக உலையில் போட மாட்டார்கள். மேடை ஓரத்தில் பரப்பி வைத்து, உலைச் சூட்டிலேயே அரை ஷிப்ட் காயவிட்டு அப்புறம்தான் போடுவார்கள். அன்றைக்கு மழை இல்லை. மேடையும் துடைத்து வைத்ததுபோல் இருக்க வேண்டும். அதனால் முந்தின மழையில் நனைந்து அங்கே காய்ந்துகொண்டிருந்த இரும்பைக்கூட முற்றத்துக்கு வாரிக் கொட்டிவிட்டார்கள். பிறகு தூசி பறக்கக் கூடாது என்று அந்தத் தண்ணீர் லாரி முற்றம் முழுக்கக் குழாயைத் திருப்பிவிட்டது. அழுத்திக் கட்டிய தகரக் கட்டுகளின் மேலும் அடித்தது. மேல்புறம் வெயிலில் உலர்ந்துவிடும். கட்டுக்குள்ளே தேங்கிய தண்ணீர் எங்கே போகும்?

என் மகள் அதே ஆலையின் சோதனைக் கூடத்தில் இருந்தாள். வேதியியல் படித்தவள். உருகும் இரும்பில் நீளக் கரண்டியை விட்டு மாதிரி எடுக்க ஒவ்வொரு முறையும் அவள்தான் உலை மேடைக்கு ஏற வேண்டும். அவள் ஏறும் போதெல்லாம் என் அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். திரும்பி இறங்கும் வரை எனக்குச் சோறு இறங்காது. அவளுக்கு இது பிடிக்காது. "நீ லாரிய பாரும்மா. என்னையே பாத்துக்கினு இருந்தா எனக்குக் கை நடுங்குது" என்பாள்.

பதினோரு மணிக்கு மேல் மேனேஜர் என் அறைக்கு வந்து ஒரு பச்சை நாடாவை நீட்டினார்.

"கையில கட்டிக்கோங்க. நீங்க சேஃப்டி கமிட்டி மெம்பர். லேடீஸ் ஒருத்தர் இருக்கணுமாம்."

"எப்பலேர்ந்து சார்?"

"போன வருஷத்துலேர்ந்து."

கட்டிக்கொண்டேன். ஆய்வாளர் வந்ததும் அவர் பின்னால் நடந்தேன். முப்பது வயதுதான் இருக்கும் அவருக்கு. பேச்சே குறைவு. முதலுதவிப் பெட்டியைத் திறந்தார்; உள்ளே ஒரு சீப்பும் காய்ந்துபோன டிஞ்சர் புட்டியும் இருந்தன. தீயணைக்கும் மணல் வாளியில் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், பாக்கு எச்சில். கண் கழுவும் புட்டியை எடுத்து ஆட்டினார், சத்தமே வரவில்லை. கிரேன் கொக்கியின் தாழ் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் மேனேஜர் "இன்னிக்கே மாத்திடறோம் சார்" என்றார்.

மேடைக்குக் கீழே உலை மேஸ்திரி நின்றிருந்தார். பெரியபாளையத்துப் பக்கத்துக்காரர், வாய்க்கு அஞ்சாதவர். வெள்ளி நிறத்தில் புது அங்கி போட்டிருந்தார், மடிப்புகூடக் கலையவில்லை.

"சார், ஒரு டவுட்டு. இந்தக் கோட்ட சாயங்காலம் திருப்பிக் குடுக்கணுமா, இல்ல ஊட்டுக்கு எடுத்துனு போலாமா? என் பொண்டாட்டி பாத்தா ராக்கெட்ல போறேன்னு நெனச்சிக்குவா."

ஆய்வாளர் முதல் முறையாகச் சிரித்தார். மேனேஜர் பல்லைக் கடித்ததும் தெரிந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு மேலே ஏறினார். அவர் பின்னாலேயே என் மகளும் கரண்டியோடு ஏறினாள். என் கையிலிருந்த பச்சை நாடாவைப் பார்த்து, "இன்னாம்மா, நீ ஆபீசராயிட்ட?" என்று கேலி செய்துவிட்டுத்தான் போனாள்.

ஆய்வாளர் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு பின்புறம் நடந்தார்.

"அங்க ஒண்ணும் இல்ல சார். பாம்பு கீம்பு இருக்கும்" என்று மேனேஜர் முன்னால் ஓடினார்.

"இருந்தா அதையும் எழுதிக்கிறேன்."

குப்பைக்குள் காலை வைத்து ஏறி நின்று சங்கிலியைப் பார்த்தார். "மேடைலேர்ந்து எறங்குற ரெண்டாவது வழி இதுதான?"

"ஸ்டோர் சார்."

"தொறங்க, ஸ்டோர பாக்கலாம்."

சாவி செக்யூரிட்டியிடம் இருந்தது. செக்யூரிட்டியை மேனேஜர்தான் வெளியே அனுப்பியிருந்தார். ஆய்வாளருக்கு இளநீர் வாங்கிவர, பைக்கில், நெடுஞ்சாலைக்கு. சாவிக்கொத்து அவன் இடுப்பில். மேனேஜர் போன் போட்டார். நாங்கள் மூவரும் கதவுக்கு முன்னால் குப்பைக்கு நடுவே நின்றோம். உள்ளே கிரேன் ஊர்ந்துவரும் சத்தம் கேட்டது. இரும்புக் கட்டு ஒன்று உலைக்குள் விழும் சத்தமும் கேட்டது.

அதற்கடுத்தது சத்தம் இல்லை. காதைப் பிடுங்கி எறிந்ததுபோல் இருந்தது. நான் தரையில் கிடந்தேன். ஷெட்டின் கூரை ஓடுகள் மேலே போய், திரும்பி, துண்டு துண்டாக எங்கள் மேல் கொட்டின. அவற்றோடு சிவப்பாக உருகிய இரும்பும் விழுந்தது. ஒரு துளி என் பக்கத்தில் கிடந்த ரப்பர் குழாயில் விழுந்து துளைத்துக்கொண்டு மண்ணுக்குள் போனது. காது திரும்பக் கேட்க ஆரம்பித்தபோது முதலில் கேட்டது மனிதர்கள் கத்துவதுதான். அதை எழுத எனக்குத் தெரியவில்லை. ஆண்கள் அவ்வளவு மெல்லிய குரலில் கத்துவார்கள் என்று நான் நினைத்ததில்லை.

முன் படிக்கட்டுப் பக்கம்தான் உலை வாய். இரும்பு அந்தப் பக்கம் வழிந்ததால் மேடையில் இருந்தவர்கள் பின் படிக்கட்டில் இறங்கி ஓடிவந்திருக்கிறார்கள். ஓடிவந்து இந்தக் கதவில் மோதினார்கள். கதவு அதிர்ந்தது, சங்கிலி துள்ளியது, ஆனால் பிடி விடவில்லை. உள்ளிருந்து இந்தியிலும் தமிழிலும் கதறினார்கள். அதற்கு நடுவே ஒரு குரல்:

"தொறங்க! யாராச்சும் தொறங்க! கண்ணு... என் கண்ணு..."

என் மகள். நான் வெளியில் நிற்பது அவளுக்குத் தெரியாது. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். "அம்மா, தொறம்மா" என்றாள், வீட்டுக் கதவைத் திறக்கச் சொல்வதுபோல.

மேனேஜரின் போன் ஸ்பீக்கரில் இருந்தது. "டேய், எங்கடா இருக்க?" என்று அலறினார். மறுமுனையில் செக்யூரிட்டி நிதானமாகச் சொன்னான்: "சீவிக்கினு கீறாங்க சார். ரெண்டு வழுக்கையா கேட்டுக்கீறேன்."

நான் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி மேனேஜரின் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்தது. திரும்பவும் அடித்தேன். அவர் தடுக்கவில்லை. மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கியபோது ஆய்வாளர் என் தோளைப் பிடித்து இழுத்து, "அப்புறம் அடிங்க, இப்ப இத இழுங்க" என்று கத்தினார். அவர் கையில் ஒரு கம்பி இருந்தது. அதைச் சங்கிலிக்குள் விட்டு முறுக்கினோம். கம்பி வளைந்தது. டிரம்களைக் கையாலேயே இழுத்துத் தள்ளினோம். கதவின் கீழ் இடுக்கிலிருந்து புகை வந்தது. தட்டுகிற கைகள் குறைந்துகொண்டே வந்தன. நான் அதை எண்ணாமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. அவள் குரலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். "பேசிக்கினே இரு, பேசிக்கினே இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் "ம்" என்றாள். அப்புறம் "ம்" கூட வரவில்லை.

பழைய இரும்பை அள்ள ஐந்து விரல் நகம் வைத்த ஒரு பெரிய வண்டி எங்களிடம் உண்டு. அதை ஓட்டுபவர் ஆந்திர எல்லையோரத்து ஆள், எல்லோரையும் நைனா என்பார். முற்றத்திலிருந்து குப்பை, டிரம், வேலிக்கம்பி எல்லாவற்றின் மேலும் ஏறி அந்த வண்டி வந்தது.

"தள்ளு அக்கா! நைனா, அவள தள்ளு! உள்ளாற கீறவன்லாம் கதவாண்ட நிக்காத, பின்னால போ! பீச்சே, பீச்சே!"

நகம் கதவின் மேல்விளிம்பில் கவ்வியது. தகரம் கிழிவதுபோல் இரும்புக் கதவு சட்டத்தோடு சுவரிலிருந்து கிழிந்தது. செங்கல் சிதறியது. புகைக்குள்ளிருந்து ஆட்கள் ஒருவர் மேல் ஒருவராக வெளியே சரிந்தார்கள். சட்டை உடலோடு ஒட்டிப்போன ஒருவர் எழுந்து நின்று நான்கு அடி நடந்து, ஏதோ மறந்துவிட்டதுபோல் திரும்பிப் பார்த்து, விழுந்தார். நான் அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன். தாண்டித்தான் போனேன்.

அவள் கடைசிப் படியில் சுவரோடு சுருண்டு கிடந்தாள். முடியின் ஒரு பக்கம் இல்லை. முகம் கறுத்து வீங்கி, கண்கள் எங்கே என்று தெரியவில்லை. மார்பு ஏறி இறங்கியது. மேடையில் கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றிருந்தாளாம். இரும்பு அவள் மேல் நேராகப் படவில்லை, கண்ணாடி வெடித்து முகத்தில் அடித்திருக்கிறது, சூட்டோடு. மேஸ்திரி உலை விளிம்பில் இருந்தார். அவரைப் பற்றி நான் கேட்கவில்லை. மேலே பார்த்துவிட்டு வந்த நகவண்டிக்காரர் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

கண் கழுவத் தண்ணீர் இல்லை. தண்ணீர் லாரியின் குழாயைத்தான் இழுத்துவந்து ஊற்றினார்கள். முற்றத்தில் தண்ணீர் அடித்ததை அப்போதுதான் ஆய்வாளர் கேட்டுத் தெரிந்துகொண்டார். உருகிய இரும்புக்குள் தண்ணீர் மாட்டிக்கொண்டால் வேறு எதுவும் வேண்டாம், அதுவே குண்டு என்றார். சொல்லும்போது அவர் வாய் கோணியது.

அந்த நேரத்தில்தான் செக்யூரிட்டி பைக்கில் வந்து சேர்ந்தான். வண்டியில் இளநீர்க் குலை, இடுப்பில் சாவிக்கொத்து. யார் முதலில் பாய்ந்தார்கள் என்று தெரியாது. பைக்கோடு அவனைக் கவிழ்த்தார்கள். மிதித்தார்கள். "சாவி எதுக்குடா உனுக்கு, சாவி?" என்று ஒருவர் கேட்டுக்கேட்டு மிதித்தார். அவன் "மேனேஜர் சார்தான், மேனேஜர் சார்தான்" என்று அழுதான். பிறகு இளநீர்களை ஒவ்வொன்றாக எடுத்து அலுவலகக் கண்ணாடிகளில் எறிந்தார்கள். மேனேஜர் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டிருந்தார். காய் உடைந்து வெள்ளைத் தண்ணீர் சுவரில் வழிந்தது. நகவண்டி அலுவலகத்தை நோக்கித் திரும்பியதைப் பார்த்தேன். ஆய்வாளர் அதன் முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் அங்கே நடந்தது எனக்குத் தெரியாது. என்னையும் மகளையும் இன்னும் இருவரையும் அவருடைய ஜீப்பிலேயே ஏற்றிவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் கவரைப்பேட்டையில் எங்களுக்கு எதிரே போனது. ஜீப் டிரைவர் நிறுத்தவில்லை. சோழவரம் தாண்டி லாரி நெரிசல். ஜன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டி வழியில் நின்றவர்களையெல்லாம் கெட்ட வார்த்தையில் திட்டினேன். என் வாயிலிருந்து அப்படிப்பட்ட சொற்கள் வந்ததே இல்லை. மடியில் அவள் தலை இருந்தது. "இருட்டா கீது. லைட்டப் போடும்மா" என்றாள். நல்ல வெயில், மத்தியானம்.

சென்னை அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவுக்காரர்கள் பார்த்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். கண்ணைப் பற்றிக் கேட்டால் கண் டாக்டர் வரணும் என்றார்கள். யார் போனாலும் வந்தாலும் எழுந்து நின்றேன். செவிலியர் இரண்டு முறை உட்காரச் சொன்னார். ஆலையிலிருந்து யாரும் வரவில்லை.

விளக்கு போட்ட பிறகுதான் அவர் வந்தார். வயதான பெண் டாக்டர், செருப்பை இழுத்து இழுத்து நடந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகளின் இமையை இரண்டு விரலால் பிரித்து டார்ச்சைப் பிடித்தார். முதலில் இடது கண், பிறகு வலது.

"ஏதாச்சும் தெரியுதாமா?"

"மஞ்சளா ஏதோ."

"எங்க?"

"மேல... இப்ப இந்தாண்ட வந்துடுச்சு."

டாக்டர் டார்ச்சை அணைத்தார். மீண்டும் போட்டார். மகள் "இப்ப இருக்குது" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "இடது கண் போயிடுச்சும்மா. அத இப்பவே சொல்லிடறேன், அப்புறம் சொன்னா நம்ப மாட்டீங்க. வலது கண்ணுல நரம்பு நல்லா இருக்கு. கருவிழியோட மேல்தோல்தான் வெந்திருக்கு, அத மாத்திக்கலாம், கொஞ்ச நாள் ஆகும். மஞ்சளா தெரியுதுன்னு சொன்னாங்க இல்ல? அது என் டார்ச்சுதான்."